பின்னால் ஒரு வீடு போடுகிறவர்

கண்டியில் குரங்குக்கு அடுத்தபடியாக எங்கும் காணக்கிடைக்கிற இனம் ஒன்று உண்டு. குரங்காவது கூரையில் ஏறும், ஓட்டைப் புரட்டும், பப்பாசிப் பழத்தைக் கடித்துப் பாதியில் எறியும், போய்விடும். இந்த இனம் போகாது. கட்டும். இருக்கிற வீட்டுக்குப் பின்னால், அதே காணியில், அதே மதிலுக்குள், இன்னொரு வீட்டைக் கட்டும். இதற்குப் பின்வீட்டுக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவர் கட்டுகலையில் இருக்கிறார், அம்பிட்டியவில் இருக்கிறார், பேராதனை ரோட்டில் வரிசையாக இருக்கிறார், அலவத்துகொடையிலும் கடுகண்ணாவையிலும் இவருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமே இந்த இனத்துக்குக் கிடையாது. இந்த நாட்டில் எல்லாரும் ஒத்துப்போகிற விஷயம் ஏதாவது உண்டா என்று யாராவது கேட்டால், தைரியமாக இவரைக் காட்டுங்கள்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? செத்த வீட்டில் பாருங்கள். மற்றவர்கள் எல்லாம் பெட்டியைச் சுற்றி வந்து, முகத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் போய் உட்காருவார்கள். இவர் உட்கார மாட்டார். வெற்றிலை துப்பப் போகிறவர் மாதிரிப் பின்பக்கம் போவார். போய் வெகுநேரம் நிற்பார். திரும்பி வரும்போது முகத்தில் உண்மையான துக்கம் இருக்கும். செத்தவருடைய மைத்துனனின் தோளைத் தொட்டு, "பாவம், நல்ல மனுசன். பின்னால இவ்வளவு எடத்தையும் அப்படியே போட்டுட்டுப் போயிட்டாரே" என்பார். மனிதன் போனதில் இவருக்கு வருத்தமில்லை. ஒரு சுவர்கூட எழுப்பாமல் போனதில்தான் வருத்தம்.

இவர் வாயில் ஓயாமல் இருக்கிற வார்த்தை 'சும்மா' என்பது. பின்னால் இடம் சும்மா கிடக்கிறது. எது சும்மா கிடக்கிறது? துணி காய்கிற கொடி, கறிவேப்பிலை மரம், மழைத் தண்ணீர் தன் பாட்டில் ஓடிப்போகிற வாய்க்கால், பெண்கள் தலை சீவி முடித்து நாலு வார்த்தை பேசுகிற கல், அரிசி காயப் போடுகிற பாய், இவையெல்லாம் இவர் பார்வையில் சும்மா. ஆண்பிள்ளை ஒருவன் வந்து உட்காராத இடம் எல்லாம் சும்மா கிடக்கிற இடம். அதில் பெண்டுகள் காலையிலிருந்து இருட்டும்வரை நின்று வேலை செய்தாலும் அது சும்மாதான். விளங்குகிறதா?

ஆரம்பத்தில் இவர் வீடு கட்டப் போவதாகச் சொல்லவே மாட்டார். "சின்னதா ஒரு ரூம்தான்" என்பார். விருந்தாளி வந்தால் தங்கட்டுமே என்று ஒரு ரூம். விருந்தாளி என்று வந்தால் அவருக்குக் குளிக்க ஒரு இடம் வேண்டாமா, அதற்கு ஒரு பாத்ரூம். பாத்ரூமுக்கு ரூமிலிருந்து நனையாமல் போக ஒரு நடை. நடை என்று போட்டபின் அது எங்கிருந்தாவது வர வேண்டுமே, அதற்கு ஒரு ஹால். ஹாலில் உட்கார்ந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்க ஒரு குசினி. இவ்வளவையும் செய்துவிட்டுத் தகரமா போடுவது என்று மேலே கொங்கிறீட்டில் ஒரு பிளேட். பிளேட் போட்டபின் அதில் ஏறிப் பார்க்காமல் இருக்கலாமா என்று ஒரு படிக்கட்டு. கடைசியில் விருந்தாளி மட்டும் வர மாட்டார். வந்தாலும் முன்வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

யாருக்காக இதெல்லாம் என்று கேட்டுப் பாருங்கள். "பிள்ளைங்களுக்காகத்தான்." பிள்ளைகள் கேட்டார்களா? கேட்கவில்லை. ஒரு மகன் வத்தளையில், ஒரு மகள் அதைவிடத் தூரத்தில். பொங்கலுக்கு வந்தால் மறுநாளே திரும்பிப் போக அவசரப்படுகிற பிள்ளைகள். அவர்களுக்கு இரண்டு வீடு! மனைவியைக் கேட்டாரா? கேட்டார். அத்திவாரம் போட்டபின், "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

இனி பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எங்கள் தெருவில் இருக்கிற வீரசிங்கத்தைச் சொல்கிறேன். இந்த இனத்தில் இவரைப்போல முழுமையான ஒருவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கிறவர். கடையில் மிஞ்சுகிற கம்பியும் ஆணியும் அவரைத் தூங்க விடுவதில்லை என்று நினைக்கிறேன். ரோட்டைப் பார்த்து நிற்கிற அந்த வீடு அவருடைய அப்பா கட்டியது. அதில் வீரசிங்கமும் மனைவி கமலமும் இருக்கிறார்கள். அவருடைய அக்கா பரிமளமும் இருக்கிறாள். பரிமளம் புருஷன் செத்தபிறகு வந்தவள். வந்தவள் யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. வீட்டின் பின்பக்கத்தில் சாய்ப்பாக இறக்கியிருந்த பழைய குசினியைப் பிடித்துக்கொண்டாள். தானே மண் குழைத்து அடுப்புப் போட்டாள். விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்து டவுனில் இருக்கிற தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்தாள். மகளைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, இன்றுவரை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறாள். மற்ற அறைகளில் அவள் படுக்க மட்டும்தான் செய்கிறாள். அவளுக்கு வீடு என்பது அந்தக் குசினிதான். புகை ஏறிச் சுவர் கன்னங்கரேலென்று இருக்கும். இருக்கட்டுமே. கரி படியாமல் பிள்ளை வளர்த்தவள் யார்?

அந்தக் குசினிக்குப் பின்னால், மண்மேட்டை வெட்டிச் சமமாக்கி, வீரசிங்கம் தன்னுடைய 'சின்ன ரூமை' ஆரம்பித்தார். வீட்டுக்குள் நுழையாமல் பின்பக்கம் போக ஒரே ஒரு வழி. முன்வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அதில் குடையை விரித்துக்கொண்டு போக முடியாது. மறுபக்கம் வீடு பக்கத்து வீட்டு ஆஸியா உம்மாவின் காணியைப் பிரிக்கிற மதிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இடுக்கு வழியாகத்தான் கல் போனது, மண் போனது, சீமெந்து போனது, ஜன்னல் போனது. எது போகாதோ அதைக் கழற்றினார்கள். கட்டிலைக் கழற்றினார்கள். கமலத்துக்குச் சீதனமாக வந்த அலுமாரியைக் கழற்றினார்கள். திரும்பப் பூட்டியபோது அதன் கதவு ஒன்று மூடவே இல்லை. வேலைக்கு வந்த மேசன் பாஸ் நல்ல மனிதர். வீரசிங்கம் எதைச் சொன்னாலும் "ஹரி மாத்தயா, செய்ய ஏலும்", அதாவது சரி ஐயா, செய்யலாம், என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததில்லை. இந்த இனத்துக்கு இப்படிப்பட்ட பாஸ்தான் அமைவார்.

வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்று சாத்திரக்காரர் சொல்லியிருந்தார். வேறு பக்கம் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். வீரசிங்கமும் கிழக்கே பார்த்து நிலை வைத்தார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, பெருமையாக நிலைக்குள் நின்று கிழக்கே பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"பாஸ், என்ன இது?"

"கிழக்கு, மாத்தயா."

"கிழக்கு சரி. இந்தக் கறுப்பா நிக்கிறது என்ன?"

"அக்காட குசினி, மாத்தயா."

நீங்களே சொல்லுங்கள். முன்வீடு ரோட்டைப் பார்த்து, கிழக்கே பார்த்து நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு வீடு கட்டி அதையும் கிழக்கே பார்க்கவைத்தால் அது எதைப் பார்க்கும்? முன்வீட்டின் முதுகைத்தான் பார்க்கும். சூரியனை வரவழைக்க வாசல் வைத்தவருக்கு வாசலில் வந்து நின்றது பரிமளத்தின் புகை. இதை நிலை வைக்குமுன் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். திரும்பிப் பார்த்தால் அவர் பின்வீட்டுக்காரரா?

பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். "என்ன மொதலாளி, ஒங்கட புது ஊட்டு வாசல்ல நிண்டா எங்கட பரிமளத்துட முதுகு நல்லா வெளங்குதாமே?"

"அது கொஞ்ச நாளைக்குத்தான் உம்மா. அத எடுத்துருவோம்" என்றார் வீரசிங்கம்.

"எத? முதுகையா?"

வீரசிங்கம் முதுகைத் திருப்பினார். நேரே குசினிக்குப் போனார். பரிமளம் மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வீடு குடிபோன அடுத்த நாளே இந்தக் குசினிய எடுத்துருவோம்."

"எடுத்து எங்க வைப்ப?"

"எங்கயும் வைக்கல. இடிக்கிறது. வாசல மறைக்குதுல்ல?"

"அப்ப நான் எங்க அவிக்கிறது?"

"ஏங்க்கா, இந்த வயசுல எதுக்கு அவிச்சுக்கிட்டு? சும்மா இரேன்."

பார்த்தீர்களா? இடம் சும்மா இருந்தால் இவருக்குப் பொறுக்காது. அக்கா மட்டும் சும்மா இருக்க வேண்டும்.

"நான் நிறுத்துனா கடைக்காரங்க மறுநாளே வேற ஆளப் புடிச்சிருவாங்க தம்பி. பெறகு ஒன் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"பாத்தா என்ன? நான் ஒன் தம்பிதானே?"

"அதுக்குத்தான் பயப்படுறேன்" என்றாள் பரிமளம்.

கேஸ் அடுப்பு வாங்கித் தருவதாகச் சொன்னார். படுக்கிற அறையில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாமாம். கடைகளுக்கு அவிக்கிற அண்டாவைத் தூக்கி அந்த அடுப்பில் வைத்தால் அடுப்பு எங்கே இருக்கும், அண்டா எங்கே இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. பிறகு குசினி இருந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்பதையும் சொன்னார். பூச்செடி. நாலு தொட்டியில் குரோட்டன். ஒருத்தியின் சோற்றுக்குப் பதிலாகக் குரோட்டன்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு நான் அங்கே இல்லாமல் போனது நல்லதாயிற்று.

உடனே இடிக்காததற்கும் காரணம் அக்கா மேல் உள்ள இரக்கம் இல்லை. நல்ல காரியத்துக்கு முன்னால் காணியில் எதையும் இடிக்கக் கூடாது என்று அதே சாத்திரக்காரர் சொல்லிவிட்டார். அதனால் புது வீட்டில் பால் காய்ச்சிய மறுநாள் பாஸ் வந்து இடிப்பது என்று ஏற்பாடு. பரிமளம் அதற்குமேல் வாதாடவில்லை. கடைக்காரர்களிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள் என்று பயம். ஆனால் ஆஸியா உம்மாவிடம் மட்டும், "உம்மா, இந்த வயசுல நான் யாருட்டப் போயிக் கைய நீட்டுவேன்?" என்று கேட்டாளாம். ஆஸியா உம்மாதான் அதை என்னிடம் சொன்னார்.

குடிபுகுகிற நாளும் வந்தது. வாழை கட்டினார்கள், மாவிலைத் தோரணம் கட்டினார்கள். குருக்கள் ஐயா வந்தார். விடிந்ததும் நல்ல நேரம். அது கொஞ்ச நேரந்தான். விருந்துக்கு வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு என்ன? பரிமளத்தின் இடியப்பம். நாளைக்கு இடிக்கப் போகிற குசினியில் இன்றைக்கு ஊருக்கே அவிக்க வேண்டும். வீரசிங்கத்துக்கு இதில் ஒரு கூச்சமும் இல்லை. கமலத்துக்குத்தான் கொஞ்சம் இருந்தது. "மதினி, நான் வந்து ஒத்தாச பண்ணவா?" என்று இரண்டு தடவை கதவருகில் வந்து நின்றுவிட்டுப் போனாள்.

எங்கள் ஆட்கள் புது வீட்டுக்குள் முதலில் தாங்கள் நுழைவதில்லை. பசுவும் கன்றும்தான் முதலில் போக வேண்டும். பசு உள்ளே போய்ச் சாணி போட்டால் இன்னும் விசேஷம். பசு போனபின் பால் காய்ச்சிப் பொங்க விட்டால்தான் அது குடிபுகுந்த வீடு. அதற்காகக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மாடு வைத்திருக்கிற வீரய்யாவைப் பிடித்திருந்தார்கள். அவர் ஒரு சின்ன லொறியில் நல்ல வளப்பமான பசுவையும் கன்றையும் கொண்டுவந்து ரோட்டில் இறக்கினார். பசுவின் நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் மாலை போட்டு, இடுக்குக்குக் கொண்டுபோனார்கள்.

பசு தலையை நுழைத்தது. கழுத்தை நுழைத்தது. நின்றுவிட்டது.

"மொதலாளி, மாடு போகாதுங்க. வகுறு இடிக்குது" என்றார் வீரய்யா.

"போகும், தள்ளு."

"தள்ளுனா போகும். பெறகு எடுக்க ஏலாது. ஒங்க வீட்டு மதிலோடயே நிக்கும். சம்மதங்களா?"

கட்டிலைக் கழற்றினீர்கள், அலுமாரியைக் கழற்றினீர்கள். மாட்டை எங்கே கழற்றுவது? ஒரு வீட்டுக்கு எத்தனையோ பேரிடம் யோசனை கேட்டவர், கம்பிக்கும் கல்லுக்கும் கணக்குப் பார்த்தவர், கிழக்கு எது மேற்கு எது என்று சாத்திரம் பார்த்தவர், மாடு எந்த வழியாகப் போகும் என்று மட்டும் பார்க்கவில்லை. மனிதர் போகிற வழியைப் பற்றியே கவலைப்படாதவர் மாட்டைப் பற்றியா கவலைப்படுவார்?

"கன்னுக்குட்டிய மட்டும் கொண்டு போனா என்னங்க சாமி?" என்று வீரசிங்கம் குருக்களைக் கேட்டார்.

"கண்டு மட்டும் போதாது. தாய்ப்பசு உள்ளுக்கு வரோணும். கெதியாப் பாருங்கோ, நேரம் போகுது."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆஸியா உம்மா நின்றுகொண்டிருந்தார். "எங்கட வளவால கொண்டு போங்களேன் மொதலாளி. நான் வேணாண்டு செல்ல மாட்டன். ஆனா நடுவுல ஒங்கட மதில் ஈக்கே. மேல போத்தல் ஓடு வேற பதிச்சீக்கிறீங்க. மாட்டுக்குக் குத்துமே?"

மாடு போக இனி ஒரே வழிதான் இருந்தது. முன்வீட்டின் தலைவாசல், ஹால், நடை, பரிமளத்தின் குசினி, குசினியின் பின்கதவு. வீரசிங்கம் நடைக்குள் போய்க் குசினிக் கதவைத் தட்டினார். நாங்கள் எல்லாரும் ஹாலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அக்கா, கதவத் தொற."

"எந்தக் கதவ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாளைக்கு இடிக்கிற கதவையா?"

"வெளையாடாதக்கா. நேரம் போகுது."

"ஒனக்குத்தான் நேரம் போகுது. எனக்கு நாளைக்குக் காலை வரைக்கும் இருக்கு."

வீரசிங்கத்தின் காது சிவந்துவிட்டது. "அக்கா, சபையில என்னைய அவமானப்படுத்தாத. மாடு வாசல்ல நிக்குது."

பிறகு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பரிமளம் கதவைத் திறந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலால் தலைவாசலைப் பார்த்தாள். "மாடு என்ன பாவம் பண்ணுச்சு? கொண்டாங்க" என்றாள்.

வீரய்யா பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். தலைவாசல் தாண்டியது, ஹால் தாண்டியது, நடை தாண்டியது, குசினிக்குள் போனது. அங்கே பெரிய சுளகு நிறைய இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது. நீங்கள் மாடாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அது நின்றது. தின்றது. கன்று பின்னாலேயே ஓடிவந்து தாயின் மடியில் முட்டியது. வீரய்யா கயிற்றை இழுத்தார். அது அசையவில்லை. வீரசிங்கம் நடையில், பசுவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். முன்னால் மாடு, பின்னால் சொந்தக்காரர்கள். தன்னுடைய வீட்டுக்குக் குடிபோக வந்த மனிதர், மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுப்பா! இழுப்பா!" என்று கத்தினார்.

மாடு வாலைத் தூக்கியது. நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும். நிறையப் போட்டது. பரிமளம் கழுவித் துடைத்து வைத்திருந்த தரையில், நடுக்குசினியில், குருக்கள் ஐயா பார்த்துக்கொண்டிருக்க, எந்த வீட்டில் போட வேண்டும் என்று இவ்வளவு ஏற்பாடு செய்தார்களோ அந்த விசேஷம் இங்கே நடந்துவிட்டது.

பின்வீட்டில் மூன்று செங்கல் வைத்து, விறகு அடுக்கி, பால்பானையோடு கமலம் காத்துக்கொண்டிருந்தாள். காற்று மேட்டிலிருந்து இறங்கி அடித்ததில் அந்த விறகு பற்றவே இல்லை. இடுக்கு வழியாகச் சுற்றிவந்திருந்த குருக்கள் குசினியின் பின்கதவில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, நேரம் முடியப் போகுது. இன்னும் நெருப்பு மூட்டயில்லையோ?"

கமலம் புது வீட்டைப் பார்த்தாள். புகைந்துகொண்டிருக்கிற செங்கல்லைப் பார்த்தாள். பிறகு எதிரில் திறந்து கிடந்த குசினியைப் பார்த்தாள். அங்கே பரிமளத்தின் அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது, பசு நின்றுகொண்டிருந்தது, தரையில் லட்சணமாகச் சாணி கிடந்தது. இவள் புருஷனுக்குப் பயந்தவள்தான். ஆனால் நல்ல நேரம் தவறுவதற்கு அதைவிட அதிகமாகப் பயந்தவள். பானையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று நடந்து வந்தாள்.

"மதினி, அண்டாவ எறக்குங்க" என்றாள்.

"கமலம்! அங்க வைக்காத! அந்த அடுப்பு வேணாம்!" என்று மாட்டுக்குப் பின்னாலிருந்து வீரசிங்கத்தின் குரல் வந்தது. வாலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற மனிதர் என்ன செய்ய முடியும்?

பரிமளம் அண்டாவை இறக்கினாள். கமலம் பானையை வைத்தாள். குருக்கள் மந்திரம் சொன்னார். பால் பொங்கி, நல்ல பிள்ளையாகக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. இடுக்கில் நின்றவர்கள், ஹாலில் நின்றவர்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆஸியா உம்மா, எல்லாரும் சந்தோஷமாகச் சத்தம் போட்டார்கள். பரிமளம் மட்டும் அடுப்பில் வழிந்த பாலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் பாஸ் இரண்டு ஆட்களையும் சுவரைக் குத்தி இடிக்க அலவாங்கையும் கொண்டு வந்தார். சொன்னால் சொன்னபடி வராத பாஸ் அந்த ஒரு நாள்தான் அப்படி வந்தார். குசினிக் கதவை மறித்துக்கொண்டு கமலம் நின்றாள்.

"பாஸ், அலவாங்கக் கீழ வைங்க."

"கமலம், நீ தள்ளு" என்றார் வீரசிங்கம்.

"தள்ள மாட்டேன். மாடு அந்த வீட்டு வாசல மிதிக்கவே இல்ல. நொழைஞ்சது இங்க. சாணி போட்டது இங்க. பால் பொங்குனது இங்க. லெச்சுமி வந்து நின்ன எடத்துல அலவாங்கப் போட்டுட்டு நாம எங்கங்க போயி நல்லா இருக்கிறது?"

"பைத்தியமா ஒனக்கு? வீடு அதுடி!" என்று புது வீட்டைக் காட்டினார்.

"அது நீங்க கட்டுனது. நாம குடிபுகுந்தது இது."

வீரசிங்கம் பாஸைப் பார்த்தார். பாஸ் கமலத்தைப் பார்த்தார். "ஹரி நோனா" என்று அலவாங்கைக் கீழே வைத்தார். அந்த மனிதர் யார் சொன்னாலும் ஹரிதான்.

விடுவாரா வீரசிங்கம்? சாத்திரக்காரரிடம் ஓடினார். வாசலைக் கிழக்கே வைக்கச் சொன்ன அதே சாத்திரக்காரர். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார். "பால் பொங்கின அடுப்ப இடிச்சா, குடி இருந்த வீட்டையே இடிச்ச மாதிரி மொதலாளி. அந்தக் குசினியில கை வைக்காதீங்க. அந்த அடுப்புக்குப் பூசை குறையாம நடக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். தான் நம்பியதாலேயே ஒரு மனிதருக்கு வாய் அடைத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாத்திரத்தைக் காட்டி அக்காவின் அடுப்பை அணைக்க வந்தவர், சாத்திரத்துக்குப் பயந்து அதைக் காப்பாற்ற வேண்டியவராகிவிட்டார்.

பரிமளம் அலவாங்கு போனதும் சுளகைக் கழுவினாள். அடுத்த நாளைக்கு அரிசி ஊற வைத்தாள். ஆஸியா உம்மா மதிலுக்கு மேலால், "மாட்ட விட்டே கேஸ் வெண்டுட்டீங்க" என்றபோது, "நான் எங்க உம்மா வெண்டேன்? அதுக்குப் பசி" என்றாள். ஆனால் அன்று மாலை அவள் கடைக்காரர்களிடம் போய், இனிமேல் நாளொன்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தர முடியும் என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்வி.

கமலம் இன்னும் முன்வீட்டில்தான் படுக்கிறாள். மூடாத கதவோடு அந்த அலுமாரி பின்வீட்டில் இருக்கிறது. வீரசிங்கம் பெருமையை விடாமல் அங்கே போய்த் தனியாகப் படுக்கிறார். விடிந்ததும் கிழக்கு வாசலைத் திறக்கிறார். எதிரில் அக்காவின் கரிச்சுவர்; அதற்கு மேலே புகை. பசித்தால் சாப்பிட வேண்டுமே. இடுக்கைச் சுற்றிக்கொண்டு போக அலுப்புப்பட்டு, குசினிப் பின்கதவைத் தட்டுகிறார். "உள்ள வா தம்பி, காலத் துடச்சிட்டு வா" என்கிறாள் பரிமளம். மாட்டுக்குச் சொல்லாததை இவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருந்தினாரா? என்ன கேள்வி கேட்கிறீர்கள்! போன கிழமை அவர் பாஸையும் கூட்டிக்கொண்டு நடுமுற்றத்தில் நின்று குசினிக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இடிக்கத்தான் கூடாது பாஸ். மேலால ஏத்தலாம்தானே? தூண் நாலு குடுத்து, சின்னதா ஒண்ணு?"

"ஹரி மாத்தயா, செய்ய ஏலும்."

"ஏத்து, ஏத்து" என்று கூரைக்குக் கீழேயிருந்து பரிமளத்தின் குரல் வந்தது. "புகை மேலதான் வரும். நல்லா இருமிக்கிட்டுப் படு."

இவ்வளவையும் கேட்டு வீரசிங்கத்தை நினைத்துச் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டிய மனிதர்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பசு இடுக்கில் கழுத்தை நுழைத்துக்கொண்டு நின்றபோது உங்கள் மனது எங்கே போனது? குசினிக்குள் தனியாக நின்றவளிடம் போனதா? அல்லது, 'வாசலை வடக்கே திருப்பி, வழியை அந்தப் பக்கம் விட்டு, குசினியைக் கொஞ்சம் ஒதுக்கியிருந்தால் எல்லாம் அமைப்பாக வந்திருக்குமே' என்று போனதா? ஒரு நொடி அப்படிப் போயிருந்தாலும் போதும், உங்களை எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பின்பக்கத்திலும் இந்நேரம் யாரோ ஒருத்தி ஏதோ ஒரு வேலையாக நின்றுகொண்டிருப்பாள். எழுந்து போய், அவளுக்கு அந்த இடம் எதற்கு வேண்டும் என்று முதலில் கேளுங்கள். போகும்போது கையிலிருக்கிற அளவு நாடாவை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள்.